பதினேழாவது வாரம்

மதுரை மண்டல மூலச் சான்றிதழ் அலுவலகத்தில் பதினொரு ஆண்டுகளாக நான் பரிசோதகர். பெயர் சிக்கந்தர். தமிழில் ஒருவர் கதை எழுதி அதை அச்சில் பார்க்க ஆசைப்பட்டால், அந்த இரண்டுக்கும் நடுவில் என் மேசை இருக்கிறது.

இப்படி ஒரு அலுவலகம் எதற்கு என்று இப்போது யாரும் கேட்பதில்லை. கணினிகள் நாளுக்கு நாற்பதாயிரம் நாவல் எழுதித் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. வாசகர்கள் வெறுத்துப்போய்ப் படிப்பதையே விட்டார்கள். அரசு சட்டம் போட்டது. கதையை மனிதர்தான் எழுத வேண்டும். அதுவும் எங்கள் அறையில், எங்கள் கண்முன்னே, கையால். எழுதிய தாளை உறையில் போட்டு வரிசையில் வைப்போம். மண்டலத்துக்கு ஒரே ஒரு மூலமானி என்பதால் முறை வர ஆறேழு மாதம் ஆகும். தமிழில் இதுவரை வந்த அத்தனை எழுத்தையும் தின்று செரித்த இயந்திரம் அது. யாருடைய சாயல் எத்தனை சதவீதம் என்று சீட்டடித்துத் துப்பும். வேறொரு எழுத்தாளரின் சாயல் முப்பதைத் தாண்டினால் தள்ளுபடி. மூன்று முறை தள்ளுபடியானால் நகலர் பதிவேட்டில் பெயர் ஏறும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் அவர் பெயர் அச்சில் வராது, கல்யாணப் பத்திரிகை தவிர.

மானியிடம் ஒரு குறை உண்டு. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். மானியைக் கேட்டால் நார் பூவிடம் திருடிவிட்டது என்று சீட்டுக் கொடுக்கும். யாரையும் உருகிப் படிக்காதவர்கள் எளிதாகத் தேறிவிடுவார்கள். சென்ற ஆண்டு தேனியிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர், எவருடைய சாயலும் இரண்டைத் தாண்டாமல் எழுதினார். எங்கள் மண்டலத்தில் அதுதான் சாதனை. அந்தக் கதையை என்னால் மூன்று பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. சான்றிதழில் கையெழுத்திட்டு, கைகுலுக்கி அனுப்பினேன்.

செண்பகவல்லி வேறு ரகம். கோவில்பட்டியில் எக்ஸ்ரே எடுப்பவர், ஐம்பத்து நான்கு வயது. முதல் முறை அவர் சீட்டில் ‘மேகலிங்கம் 58’ என்று வந்தது.

“அவரை நிறையப் படிப்பீங்களோ?” என்று கேட்டேன்.

“படிக்கிறதா? சின்னப் பிள்ளையில மனப்பாடமே பண்ணிருக்கேன் சார்” என்றார், ஏதோ கூடுதல் தகுதி சொல்வதைப்போல. நான் அதைக் கோப்பில் எழுத வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை 64.

மேகலிங்கத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இருந்தாலும் விதிப்படி சொல்கிறேன். தமிழில் அறிவியல் கதை என்றால் அவர்தான். ‘உப்புக் கிரகம்’ நாவலின் பதினேழாம் அத்தியாயம் பத்தாம் வகுப்புப் பாடம். நானும் படித்தேன். உப்புக் கிரகத்தில் பத்து நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். ஆளுக்கு ஒரு கல்லை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். பக்கத்தில் இருப்பவர் அந்தக் கல்லை நகர்த்திவிடுவார். ஒருநாள் வரிசையில் இருந்தவர் ஒருவர் இறந்துபோகிறார். அவர் கல்லை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. தங்கள் கல்லோடு அதையும் நகர்த்திக்கொண்டே வருகிறார்கள். முறை வந்ததும் அந்தக் கல்லுக்கு ஒரு குடம் பிடித்து வைக்கிறார்கள். தாகத்தில் சாகக் கிடந்த விண்வெளிக்காரர்கள் குடித்துப் பிழைப்பது அந்தக் குடத்துத் தண்ணீர்தான்.

அதைப் படித்து நான் அழுதேன். தேர்வில் ‘ஆசிரியரின் கற்பனைத் திறனை விளக்குக’ என்று கேட்டிருந்தார்கள். எட்டு மதிப்பெண்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செண்பகவல்லியின் மூன்றாவது உறைக்கு முறை வந்தது. அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். மானி வழக்கத்தைவிடச் சீக்கிரம் சீட்டைத் துப்பியது. ‘மேகலிங்கம் 93’. கீழே பொடி எழுத்தில்: ‘இதில் 72, உப்புக் கிரகம், அத்தியாயம் 17’.

“அம்மா, இது ரொம்பக் கூடிருச்சு” என்று சீட்டை நீட்டினேன்.

அவர் அதை எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“பதினேழா?”

“ஆமா.”

“அப்பச் சரிதான்.”

“என்ன சரி?”

“அது நான் எழுதுனது சார்.”

அந்த நாற்காலியில் உட்கார்ந்து பலர் பலதும் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தான் சங்கப் புலவரின் மறுபிறவி என்றும், எனவே முன்னுரிமை வேண்டும் என்றும் மனுக் கொடுத்தார். நான் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டேன். “சொல்லுங்க.”

“அப்ப வாரப் பத்திரிகை தாள்ல வந்துட்டு இருந்துச்சுல்ல? தொடர்கதைப் பக்கத்தை மட்டும் கிழிச்சு வச்சு, முடிஞ்சதும் பைண்ட் பண்ணுவோம். எல்லா வீட்டுலயும் செய்யிறதுதான். ‘உப்புக் கிரகம்’ முடிஞ்சதும் அடுக்கிப் பார்த்தா பதினாறு இருக்கு, பதினெட்டு இருக்கு, பதினேழக் காணோம். எங்க அக்காதான் அதுல வடையை மடிச்சுக் குடுத்துட்டான்னு ரெண்டு மாசம் அவகூடப் பேசல. தெருவெல்லாம் கேட்டேன். லைப்ரரியில கேட்டேன். யார்கிட்டயும் இல்ல.”

“அதனால?”

“பதினாறுல தாகத்துல நாக்குத் தள்ளிக் கிடக்காங்க. பதினெட்டுல ராக்கெட்டுல ஏறி உக்காந்திருக்காங்க. நடுவுல தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிய வேண்டாமா? ஓட்டையோட பைண்ட் பண்ண மனசு வரல. நானே எழுதிட்டேன்.”

“அப்ப உங்களுக்கு என்ன வயசு?”

“பதிமூணு.”

“கையால எழுதுனது எப்படிம்மா அச்சுல வந்துச்சு?”

“எங்க சித்தப்பா சிவகாசியில அச்சாபீஸ்ல இருந்தாக. பிள்ளை ஆசைப்படுதேன்னு அதே மாதிரித் தாள்ல, அதே எழுத்துல, ரெண்டு பத்தியாப் போட்டு அடிச்சுக் குடுத்தாக. படம் போட முடியல. அந்த இடத்துல ஒரு பட்டாசு விளம்பரத்த வச்சிட்டாக.”

“அந்த பைண்டிங் இப்ப எங்க?”

“எதிர்வீட்டு டீச்சர் படிச்சிட்டுத் தாரேன்னு வாங்கிட்டுப் போனாக.”

“திருப்பித் தரலையா?”

“பைண்ட் புக்கு திரும்பி வந்ததா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீகளா சார்?”

நான் கேள்விப்பட்டதில்லை.

மீதிக் கதை ‘உப்புக் கிரகம்’ நூலின் முன்னுரையிலேயே இருந்தது. பத்திரிகை அலுவலகத்துப் பழைய பிரதிகளைக் கரையான் தின்றுவிட்டது. மேகலிங்கமும் தன் கதைகளை எடுத்து வைக்கிற ஆள் இல்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு பைண்ட் பிரதியை வைத்துத்தான் பதிப்பாளர் நூலாக்கினார். ‘பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்த, பெயர் தெரியாத அந்த வாசகருக்கு நன்றி’ என்று முன்னுரை முடிகிறது.

மானியின் நினைவில் இருந்த அந்தப் பிரதியின் படங்களைத் திறந்தேன். பதினாறாம் அத்தியாயத்தில் பல்பொடி விளம்பரம், பதினெட்டில் தலைவலித் தைலம். பதினேழில் சரவெடி. ஆவணி மாதத்து இதழில் தீபாவளிச் சரவெடிக்கு என்ன வேலை என்று எவரும் கேட்டதில்லை. ‘மேகலிங்கத்தின் வெடிப்பு அழகியல்’ என்று அந்த விளம்பரத்தை வைத்து ஒரு பேராசிரியர் ஆய்வுக் கட்டுரை மட்டும் எழுதியிருந்தார்.

“அந்தக் கல் எப்படித் தோணுச்சு உங்களுக்கு?” என்று கேட்டேன். இது விசாரணைக்குத் தேவையில்லாத கேள்வி.

“தோணுறதுக்கு என்ன இருக்கு? எங்க தெருவுல கல்லு வச்சுத்தான தண்ணி பிடிப்போம். பால்காரர் சுடலைமுத்து செத்தப்ப அவுக கல்ல யாரும் எடுக்கல. தள்ளித் தள்ளி விட்டோம். அவுக வீட்டுல அழுதுட்டு இருக்கும்போது தண்ணி மட்டும் போய்ச் சேர்ந்திருச்சு.”

அப்போதே முத்திரை குத்தி அவரை நகலர் பதிவேட்டில் ஏற்றியிருக்கலாம். விதி அதைத்தான் சொல்கிறது. எட்டு மதிப்பெண்ணுக்கு நான் எழுதிய பதில் முழுக்கத் தப்பு என்று தெரிந்த பிறகு எனக்குக் கை வரவில்லை. மூல எழுத்தாளர் உயிரோடு இருந்தால் அவரை அழைத்துக் கேட்கலாம் என்று ஒரு உட்பிரிவு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு தென்காசியில் இருந்த மேகலிங்கத்துக்குக் கடிதம் போட்டேன்.

அடுத்த வாரம் மேகலிங்கம் பேருந்தில் வந்து இறங்கினார். எண்பத்தொரு வயது, வெள்ளைச் சட்டை, கையில் குடை. பதினான்கு ஆண்டுகளாக அவர் ஒரு வரியும் எழுதவில்லை என்பது ஊருக்கே தெரியும். செண்பகவல்லி எழுந்து நின்றார். கும்பிடப் போன கை பாதியில் நின்று சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. 

“நீங்கதானா அது?” என்றார் மேகலிங்கம்.

செண்பகவல்லி தலையாட்டினார்.

“பதினேழு நான் எழுதினதில்லை” என்று என் பக்கம் திரும்பினார் மேகலிங்கம். “தொடர்ல பதினேழே கிடையாது. பதினாறுக்கு அடுத்த வாரம் நம்பரைத் தப்பாப் பதினெட்டுன்னு போட்டுட்டாங்க. ஆபீஸுக்கு போன் பண்ணினேன். ‘விடுங்க சார், இதையெல்லாம் யார் எண்ணப் போறாங்க’ன்னாங்க.”

“நான் எண்ணுனேன்” என்றார் செண்பகவல்லி. மேகலிங்கத்திடம் அவர் சொன்ன முதல் வாக்கியம் அது. பிறகு, “அப்ப எங்க அக்கா எடுக்கலையா?” என்றார்.

“இல்லாததை எப்படிம்மா எடுப்பாங்க?”

“நாப்பது வருசமா அவளத் திட்டிட்டு இருக்கேன். பொங்கலுக்குக்கூடச் சொல்லிக்காட்டுனேன்.”

“பதினாறுல தாகம், பதினெட்டுல ராக்கெட்டு. நடுவுல தண்ணி எப்படி வந்துச்சு சார்?” என்று நான் கேட்டேன்.

“எனக்குத் தெரியலை. யோசிச்சுப் பார்த்தேன், வரலை. அந்த வாரத்துக் கெடு வந்திருச்சு. ஏறிட்டாங்கன்னு எழுதிட்டேன். குற்றாலத்துக்குப் பக்கத்துல பிறந்தவன்யா நான். தண்ணிக்கு வரிசையில நின்னதே கிடையாது. நான் எங்கேருந்து கல்லைக் கண்டேன்?”

“புத்தகமா வந்தப்பச் சொல்லியிருக்கலாமே.”

“பைண்ட் பிரதியைப் படிச்சப்ப முதல் மூணு நாள் நான்தான் எழுதி மறந்துட்டேன்னு நம்பினேன். நாலாம் நாள் தெரிஞ்சிருச்சு. யார்னு தேடினேன், கிடைக்கலை. இரண்டாம் பதிப்புல சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள விருது குடுத்துட்டாங்க. பட்டயத்துல அந்தக் கல்லைத்தான் எழுதியிருக்கு. அப்புறம் பாடப்புத்தகத்துல போட்டாங்க. குழந்தைகள் லெட்டர் போடுதுங்க. எந்தக் குழந்தைக்கு முதல்ல சொல்றது?” அவர் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். “அதுக்கப்புறம் பதினொரு புத்தகம் எழுதினேன். எல்லாம் அந்த அத்தியாயம் மாதிரி எழுதணும்னு எழுதினதுதான். வரலை. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி நிறுத்திட்டேன்.”

செண்பகவல்லி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

நான் இரண்டு படிவங்களை எடுத்து வைத்தேன். “ரெண்டு வழி இருக்கு சார். படிவம் ஒன்பது: ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டா இவங்களுக்குச் சான்றிதழ் கிடைச்சிரும். பதினேழு உங்க பேர்லயே இருக்கும். படிவம் பத்து: அது என்னுடையது இல்லைன்னு அறிவிக்கிறது. அது அரசிதழ்ல வரும். பாடத்துலயும் பேர் மாறும்.”

“ஒன்பதே போதும் சார்” என்றார் செண்பகவல்லி அவசரமாக. “அவுக பேருலயே இருக்கட்டும். அப்படி இருக்கிறதுதான் எனக்குப் பெருமை. எனக்கு இந்தக் கதை வந்தாப் போதும்.”

“அவங்க பிள்ளையை அவங்க தூக்கிட்டுப் போக நான் அனுமதி குடுக்கிறதா?” என்று என்னிடம் கேட்டார் மேகலிங்கம். பத்தை இழுத்துப் பொறுமையாக நிரப்பினார். கையெழுத்துப் போட்டுவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதும் என் வேலையில் சேர்த்தி.

பதினேழாம் அத்தியாயத்தைச் செண்பகவல்லி பெயருக்கு மாற்றினேன். மானி இருபது நிமிடம் முனகியது. நாங்கள் தேநீர் குடித்தோம். செண்பகவல்லி வராந்தாவுக்குப் போய் அக்காவுக்கு போன் பண்ணினார். மன்னிப்புக் கேட்கப் போனவர் எதற்கோ மறுபடி சண்டை போட்டுவிட்டு வந்தார்.

புதிய சீட்டு வந்தது. மேகலிங்கம் 21. மீதியில் பெரும்பகுதி செண்பகவல்லியின் சொந்தச் சாயல். சொந்தச் சாயல் குற்றமில்லை. சான்றிதழில் முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் எனக்கு என் வேலை பிடித்திருந்தது. அப்படி அடிக்கடி நடப்பதில்லை.

பழைய நூல்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை. இருந்தும் யாரும் கேட்காமலேயே மானி மேகலிங்கத்தின் பதினொரு புத்தகங்களுக்கும் சீட்டடித்தது. செண்பகவல்லி 38, 41, 40, இப்படியே 44 வரை. மறைக்கப் பார்த்தேன். மேகலிங்கம் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“குறைவா இருக்கே” என்றார். “இன்னும் கொஞ்சம் நெருங்கியிருப்பேன்னு நினைச்சேன்.”

புறப்படும்போது கதவருகே நின்றார். “எழுதுற அறை காலியா இருக்கா?”

இரண்டாம் அறை காலியாக இருந்தது. பதினான்கு ஆண்டுகள் எழுதாத மனிதர் மூன்று மணி நேரம் அங்கே உட்கார்ந்து எழுதினார். நான் கண்ணாடி வழியாகக் கண்காணித்தேன், விதி அப்படி. செண்பகவல்லியும் ஊருக்குப் போகாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உறையை ஒட்டி வரிசை எண் 318 போட்டேன். மேகலிங்கத்தைப் பேருந்தில் ஏற்றிவிடச் செண்பகவல்லி கூடவே போனார். வழியெல்லாம் செண்பகவல்லிதான் பேசிக்கொண்டு போனார். குரல் மாடிவரை கேட்டது.

பெயர் மாறியதைப் பற்றிப் பத்திரிகைகள் ஒரு மாதம் எழுதின. மோசடிக்காரர் என்றார்கள், மகான் என்றார்கள். வெடிப்பு அழகியல் பேராசிரியர் இரண்டாம் கட்டுரை எழுதினார். மேகலிங்கம் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஆகஸ்ட் மாதம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

விதி 31 இப்படிச் சொல்கிறது: விண்ணப்பதாரர் இறந்தால் உறையை வரிசையிலிருந்து நீக்கிக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். நீக்க வேண்டியவன் நான்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உறைகளை முன்னால் நகர்த்துவது வழக்கம். நகர்த்தும்போது அதையும் நகர்த்தினேன். அலுவலகத்தில் எல்லோரும் பத்தாம் வகுப்பு படித்தவர்கள். ஒருவரும் கேட்கவில்லை.

அக்டோபரில் முறை வந்தது. செண்பகவல்லிக்குத் தகவல் சொன்னேன். நேராக வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இன்னும் வரிசையிலயா இருக்கு?” என்றார்.

“யாரும் எடுக்கலை.”

 அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

உறையைப் பிரித்து மானிக்குக் கொடுத்தேன். சீட்டு வந்தது. செண்பகவல்லி 71.

“நெருங்கிட்டாக” என்றார் செண்பகவல்லி.

“முப்பதுக்கு மேலம்மா. மூல எழுத்தாளர் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்தாத்தான் சான்றிதழ். நீங்கதான் இப்ப மூல எழுத்தாளர்.”

படிவம் ஒன்பதை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைத் தொடவில்லை. முதலில் கதையைக் கேட்டார். ஒன்பது பக்கம். கண்ணாடியை இரண்டு முறை துடைத்துக்கொண்டு படித்தார். கடைசிப் பக்கத்துக்குப் போனவர் நடுப் பக்கத்துக்குத் திரும்பி வந்தார். விரலை நனைத்து, தாள் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவினார்.

“இதுல பக்கம் எதுவும் விழுந்து போச்சா சார்?”

“உறை ஒட்டுனது ஒட்டுனபடி இருந்துச்சே. முத்திரையைப் பாருங்க. ஏன்?”

தாள்களை என் பக்கம் திருப்பினார். மேகலிங்கம் கதையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து எண் போட்டிருந்தார். ஒன்று. இரண்டு. நான்கு. ஐந்து.

அன்று கண்ணாடி வழியாக மூன்று மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இரண்டாம் பகுதியை முடித்ததும் அவர் பேனாவை வைத்துவிட்டு வராந்தாப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். கை வலிக்கிறது போலிருக்கிறது என்று குறித்துவைத்தேன்.

“ரெண்டுல ஒரு பொம்பள எக்ஸ்ரே அறைக்குள்ள போறா” என்றார் செண்பகவல்லி. “நாலுல சிரிச்சுக்கிட்டு வெளிய வாரா. உள்ள என்ன பார்த்தான்னு எழுதல.”

படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரவில்லை.

“அந்த ரெண்டாம் நம்பர் அறை சும்மாத்தான இருக்கு?”

சாவியை எடுத்துக் கொடுத்தேன். “தாள் எத்தனை வேணும்?”

“தொடர்ல ஒரு வாரத்துக்குள்ளது போதும் சார்” என்றார்.